ஒசாகா கோட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானின் ஒசாகா நகருக்குப் போய்வந்தவர்கள் காட்டும் படங்களில், பச்சைக் கூரையும் வெள்ளைச் சுவரும் கொண்ட அடுக்குக் கோபுரம் ஒன்று தவறாமல் இருக்கும். படத்தின் கீழே "நானூறு ஆண்டுப் பழமையான கோட்டை" என்று எழுதியிருப்பார்கள். அடுத்த வரியிலேயே "உள்ளே லிஃப்ட் உண்டு" என்றும் எழுதியிருப்பார்கள். இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்ற ஐயத்தில் பிறக்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

இப்போது நாம் பார்க்கும் கோட்டை எந்தக் காலத்தது?

ஒரே காலத்தது அல்ல. அகழிகளும் மதில்களும் 1620-க்கும் 1629-க்கும் இடையில் டொகுகாவா ஆட்சியாளர்கள் கட்டியவை. நடுவில் நிற்கும் கோபுரம் 1931-ல் நகர மக்களின் நன்கொடையில் எழுந்த கான்கிரீட் கட்டடம். ஒசாகா கோட்டை என்றதும் எல்லோரும் யாருடைய பெயரைச் சொல்கிறார்களோ, அந்த டொயோட்டோமி ஹிதெயோஷி கட்டிய கோட்டை, இவை எல்லாவற்றுக்கும் கீழே மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது.

ஜப்பானியக் கோட்டையின் தலைமைக் கோபுரத்துக்குத் தென்ஷு என்று பெயர். இந்த வளாகத்தில் இதுவரை மூன்று தென்ஷுக்கள் நின்றிருக்கின்றன. ஹிதெயோஷியின் கோபுரம் 1585 முதல் 1615 வரை 30 ஆண்டுகளும், டொகுகாவா கோபுரம் 1626 முதல் 1665 வரை 39 ஆண்டுகளும் இருந்தன. மூன்றாவது கோபுரம் தொண்ணூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டது. "அது வெறும் கான்கிரீட்தானே" என்று பலர் உதட்டைப் பிதுக்கும் அந்தக் கட்டடம்தான் மூன்றிலும் அதிக ஆயுள் கண்டது என்பதை முதலில் மனத்தில் கொள்வது நல்லது.

கோட்டை வருவதற்கு முன் அந்த இடத்தில் என்ன இருந்தது?

ஒரு பௌத்த மடம் இருந்தது. ரென்னியோ என்ற துறவி 1496-ல் அங்கு நிறுவிய சிறு மடம், பின்னர் இஷியாமா ஹொங்கன்ஜி என்ற பெயரில் அவருடைய சமயப் பிரிவுக்கே தலைமைப் பீடமாக வளர்ந்தது. மடம் என்ற சொல் இங்கே சற்றுத் தவறான சித்திரத்தைத் தந்துவிடலாம். அது அகழியும் அரணும் சூழ்ந்த ஊர். படை திரட்டக்கூடிய அதிகார மையம். ஜப்பானைத் தன் குடைக்கீழ்க் கொண்டுவர முயன்ற ஓடா நொபுனாகா 1570-ல் அதனோடு மோதத் தொடங்கி, பத்தாண்டுப் போருக்குப் பிறகு 1580-ல்தான் அதைப் பணியவைக்க முடிந்தது. மடத்தார் வெளியேறிய வேளையில் அது தீக்கிரையானது.

அது அவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்கு இடத்தின் அமைப்பே காரணம். உஎமாச்சி என்ற நீண்ட மேட்டு நிலத்தின் வடமுனை அது. வடக்கே ஆறுகள், ஆற்று வழியே மேலே சென்றால் அன்றைய தலைநகர் கியோத்தோ, கீழே இறங்கினால் கடல். தெற்குப் பக்கம் மட்டும் இயற்கை அரண் எதுவுமின்றி மேட்டோடு மேடாக நீண்டு கிடந்தது. அந்தத் தெற்குப் பக்கம் பின்னால் கதையில் மீண்டும் வரும்.

ஹிதெயோஷி கட்டிய கோட்டை எப்படி இருந்தது?

நொபுனாகா 1582-ல் தன் தளபதி ஒருவனின் துரோகத்தால் இறந்தபின், அவருடைய மற்றொரு தளபதியான ஹிதெயோஷி அதிகாரத்தைக் கைப்பற்றி, 1583-ல் மடம் எரிந்த இடத்திலேயே கோட்டை கட்டத் தொடங்கினார். எளிய குடும்பத்தில் பிறந்து நாட்டின் உச்சிக்கு ஏறியவர் அவர். கட்டிய கோட்டையும் அந்த ஏற்றத்தை ஊருக்கு அறிவிப்பதாகவே அமைந்தது. கோபுரத்தின் சுவர்கள் கறுப்பு நிறத்தில் இருந்தன, ஓடுகளில் தங்க ரேக்கு ஒட்டப்பட்டிருந்தது. அகழாய்வுகளில் இந்தத் தங்க ரேக்கு ஓடுகள் கிடைத்திருப்பதால், இதைப் புலவர்களின் மிகைக்கூற்று என்று தள்ளிவிட முடியாது.

1586-ல் போர்த்துகீசிய இயேசு சபைப் பாதிரியார் லூயிஸ் ஃப்ரோயிஸ் உள்ளிட்ட குழு அங்கு வந்தபோது, ஹிதெயோஷி தானே முன்னால் நடந்து கோபுரத்தை மாடி மாடியாகச் சுற்றிக்காட்டியதாக அவருடைய குறிப்புகள் தெரிவிக்கின்றன. புதுவீடு கட்டியவர் வந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வோர் அறையாகத் திறந்து காட்டுவாரே, அந்தப் பெருமிதத்தை நினைத்துக்கொள்ளலாம். சுவரும் கூரையும் பொன்னால் மின்னிய, பிரித்து எடுத்துச் செல்லத்தக்க தேநீர் அறை ஒன்றும் அவரிடம் இருந்தது. அதன் முழு அளவு மாதிரி இன்றைய கோபுரத்துக்குள் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவ்வளவு பெரிய கோட்டை எப்படி வீழ்ந்தது?

ஹிதெயோஷி 1598-ல் இறந்தபோது அவருடைய மகன் ஹிதெயோரி சிறுவன். 1600-ல் செகிகஹாரா போரில் வென்ற டொகுகாவா இயெயாசு 1603-ல் ஷோகன், அதாவது நாட்டை ஆளும் படைத்தலைவர், என்ற பட்டம் பெற்றார். ஆனாலும், ஒசாகாவில் செல்வமும் பெயரும் உள்ள வாரிசு ஒருவன் இருக்கும்வரை டொகுகாவா ஆட்சிக்கு நிம்மதி இல்லை. கியோத்தோவின் ஹோகோஜி கோயிலுக்கு ஹிதெயோரி வார்ப்பித்த பெரிய மணியின் வாசகம் 1614-ல் சண்டைக்குக் காரணமாக்கப்பட்டது. நாடு அமைதியாக இருக்கட்டும் என்ற பொருளுடைய அந்த நான்கெழுத்துத் தொடரில், ஜப்பானிய எழுத்தில் இயெயாசு என்ற பெயரின் இரண்டு எழுத்துகளும் ஒன்றையொன்று பிரிந்து நிற்கின்றன, ஆகவே அது அவரைத் துண்டாக்கும் சாபம் என்று டொகுகாவா தரப்பு வாதிட்டது.

அந்த ஆண்டுக் குளிர்காலத்தில் முற்றுகை தொடங்கியது. கோட்டையின் பலவீனமான தெற்குப் பக்கத்தில் சனாதா நொபுஷிகே என்ற தளபதி (யுகிமுரா என்ற பெயரில்தான் கதைகளில் புகழ்பெற்றவர்) மண்ணால் ஒரு முன்னரண் அமைத்து, தாக்க வந்த பெரும்படையைத் திணறடித்தார். போரால் முடியாதது உடன்படிக்கையால் முடிந்தது. சமாதானத்தின் பெயரால் அந்த முன்னரண் இடிக்கப்பட்டது, அகழிகள் தூர்க்கப்பட்டன. அகழி இல்லாத கோட்டை 1615 கோடையில் நடந்த அடுத்த தாக்குதலைத் தாங்கவில்லை. கோபுரம் எரிந்தது, ஹிதெயோரியும் அவருடைய தாய் யோதோவும் தற்கொலை செய்துகொண்டார்கள்.

வென்ற டொகுகாவாக்கள் எதிரியின் கோட்டையை ஏன் திரும்பக் கட்டினார்கள்?

அவர்கள் அதைத் திரும்பக் கட்டவில்லை, புதைத்தார்கள் என்பதே பொருத்தமான விடை. இரண்டாம் ஷோகன் ஹிதெடாடாவின் ஆணைப்படி 1620-ல் தொடங்கிய பணியில், ஹிதெயோஷியின் மதில்கள் மீது பல மீட்டர் உயரத்துக்கு மண் கொட்டப்பட்டு, அதன்மேல் முற்றிலும் புதிய வரைபடத்தில் வேறொரு கோட்டை எழுப்பப்பட்டது. மதிலின் உயரமும் அகழியின் ஆழமும் பழையதைப்போல் இருமடங்கு இருக்க வேண்டும் என்று திட்டத்துக்குப் பொறுப்பேற்ற தோதோ தகதோராவிடம் ஹிதெடாடா சொன்னதாக வழங்கிவருகிறது. புதிய தென்ஷுகூடப் பழைய இடத்தில் அமையவில்லை. மேற்கு ஜப்பானைக் கண்காணிக்க அரசுக்கு ஒரு வலுவான தளம் தேவைப்பட்டது உண்மைதான். ஆனால் டொயோட்டோமி குடும்பத்தின் சுவடு ஊரார் கண்ணில் படாமல் மறைய வேண்டும் என்ற நோக்கமும் அதே அளவுக்கு வேலை செய்திருக்கிறது என்றே இந்தக் கட்டுமானத்தைப் பார்க்கும்போது தோன்றுகிறது.

செலவு செய்தது யார் என்பது இன்னொரு சுவையான செய்தி. அறுபதுக்கும் மேற்பட்ட டைம்யோக்கள், அதாவது வட்டாரச் சிற்றரசர்கள், மதிலைப் பங்கு போட்டுக்கொண்டு தத்தம் ஆட்களாலும் பணத்தாலும் கட்டித்தர வேண்டியிருந்தது. அவர்களில் பலர் ஒரு காலத்தில் ஹிதெயோஷிக்குக் கட்டுப்பட்டிருந்தவர்கள். பழைய எசமானின் கோட்டையைப் புதைக்கும் வேலைக்கு அவர்களையே செலவழிக்க வைத்தது, அவர்களுடைய கருவூலத்தையும் சேர்த்து வற்றச் செய்தது.

அந்தப் பிரம்மாண்டக் கற்கள் எங்கிருந்து வந்தன?

செத்தோ உள்நாட்டுக் கடலின் தீவுகளிலிருந்தும் சுற்றுப்புற மலைகளிலிருந்தும் வெட்டி, கடல்வழியாகவும் ஆற்றுவழியாகவும் கொண்டுவந்தார்கள். பயன்பட்ட கற்களின் எண்ணிக்கை 5 லட்சத்திலிருந்து 10 லட்சம்வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். மதில்களை நெருங்கிப் பார்த்தால், கற்களின் முகத்தில் வட்டம், அம்பு, விசிறி போன்ற சிறு குறிகள் உளியால் செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். எந்தக் கல் எந்தப் பிரபுவின் ஆட்கள் கொண்டுவந்தது என்பதற்கான அடையாளங்கள் அவை. பக்கத்துப் பிரபுவின் ஆட்கள் கல்லைத் தள்ளிக்கொண்டு போய்விடக் கூடாதல்லவா.

உள்கோட்டைக்கு நுழைவாயிலான சகுரா வாயிலைக் கடந்ததும் எதிரே ஒரே கல்லாலான சுவர் ஒன்று நிற்கும். தாகோ இஷி, அதாவது ஆக்டோபஸ் கல், என்று பெயர். அதன் இடது கீழ்ப்புறத்தில் உள்ள பழுப்புக் கறை ஆக்டோபஸ் உருவம்போல் தெரிவதால் வந்த பெயர் அது. முகப்பின் பரப்பு 59.43 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறத்தாழ 640 சதுர அடி. நகரத்தில் சிறியதொரு இரண்டு படுக்கையறை ஃபிளாட்டின் தரைப்பரப்பு அவ்வளவுதான் இருக்கும். எடை நூறு டன்னுக்கு மேல். ஒகாயாமா பிரபு இகெதா ததாவோ பொறுப்பில் வந்த கல் இது. பாதுகாப்புக்கு இவ்வளவு பெரிய கல் தேவையே இல்லை. உள்ளே வருபவன் முதல் பார்வையிலேயே மலைத்து நிற்க வேண்டும் என்பதற்காக வாயிலுக்கு நேரெதிரே நிறுத்தியிருக்கிறார்கள்.

கியோபாஷி வாயிலில் உள்ள அடுத்த பெரிய கல்லுக்கு ஹிகோ கல் என்று பெயர். ஹிதெயோஷி காலத்தில் ஹிகோ பகுதியை ஆண்ட கதோ கியோமசா கொண்டுவந்தது என்று நெடுங்காலம் நம்பினார்கள். அதுவும் இகெதா ததாவோ கொண்டுவந்ததுதான் என்று பின்னர் தெரியவந்தது. பெயர் மட்டும் மாறாமல் நின்றுவிட்டது.

இரண்டாவது கோபுரம் எரிந்தபின் ஏன் உடனே கட்டவில்லை?

1665-ல் மின்னல் தாக்கித் தென்ஷு எரிந்தது. அடுத்த 266 ஆண்டுகள் அந்த இடம் வெறும் கல்மேடையாகவே கிடந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக, 1657-ல் எதோ (இன்றைய டோக்கியோ) நகரத்துப் பெருந்தீயில் ஷோகனின் சொந்தக் கோட்டையின் தென்ஷுவும் எரிந்து, அதுவும் மீண்டும் எழவில்லை. போர் ஓய்ந்துவிட்ட நாட்டில் வானளாவிய மரக்கோபுரம் ஒரு வீண்செலவு என்ற எண்ணம் ஆட்சியாளர்களுக்கே வந்துவிட்டது. மூன்றாம் ஷோகன் 1634-ல் வந்து சென்றபின், இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக எந்த ஷோகனும் ஒசாகா கோட்டையில் கால்வைக்கவில்லை. நியமிக்கப்பட்ட அதிகாரிகளே அதைக் காத்துவந்தார்கள்.

1868-ல் என்ன நடந்தது?

தோபா, ஃபுஷிமி ஆகிய இடங்களில் பேரரசர் தரப்புப் படையிடம் டொகுகாவா படை தோற்றதும், கடைசி ஷோகனான யோஷினொபு இரவோடிரவாகக் கோட்டையை விட்டு வெளியேறி, கப்பலேறி எதோவுக்குப் போய்விட்டார். தலைவன் போய்விட்டான் என்று தெரிந்த வீரர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த சில நாள்களில் கோட்டையில் தீப்பிடித்து, அரண்மனை உட்பட உள்ளிருந்த கட்டடங்களில் பெரும்பாலானவை அழிந்தன. வெற்றிபெற்ற புதிய அரசு அந்த இடத்தை ராணுவத்துக்குக் கொடுத்தது. 1870 முதல் அங்கு ஆயுதத் தொழிற்சாலை வளர்ந்தது.

1931-ல் கோபுரம் கட்டப் பணம் கொடுத்தது யார்?

ஒசாகா மக்கள். மேயர் செகி ஹஜிமே 1928-ல் கோபுரத்தை மீண்டும் எழுப்பும் யோசனையை முன்வைத்ததும், ஏறத்தாழ ஆறே மாதத்தில் 15 லட்சம் யென் திரண்டது. சுமிதோமோ வணிகக் குடும்பத் தலைவர் மட்டும் இரண்டரை லட்சம் யென் அளித்தார். சாதாரணக் குடும்பங்கள் தங்களால் இயன்றதைக் கொடுத்தன.

ஆனால், அந்தப் பணத்தில் கோபுரத்துக்குச் செலவானது சுமார் 4 லட்சத்து 70 ஆயிரம் யென்தான். இடம் ராணுவத்தின் பிடியில் இருந்ததால், அதன் சம்மதத்தைப் பெற நான்காம் படைப்பிரிவுக்குப் புதிய தலைமையகம் கட்டித்தர வேண்டியிருந்தது. அதற்கு 8 லட்சம் யென் போயிற்று. எஞ்சியது பூங்காவுக்கு. ஹிதெயோஷிக்காக மக்கள் உண்டியலில் போட்ட காசில் பாதிக்குமேல் ராணுவ அலுவலகமாக மாறியது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. ஐரோப்பியக் கோட்டைபோல் தோன்றும் அந்தத் தலைமையகம் கோபுரத்துக்குப் பக்கத்திலேயே இன்றும் நிற்கிறது. பின்னாளில் காவல்துறைத் தலைமையகமாகவும் நகர அருங்காட்சியகமாகவும் இருந்து, இப்போது உணவகங்களும் கடைகளும் உள்ள கட்டடமாகிவிட்டது.

இந்தக் கான்கிரீட் கோபுரம் ஹிதெயோஷியின் கோபுரத்தின் அச்சு அசலான நகலா?

இல்லை. 1615 போரைச் சித்திரிக்கும் மடிப்புத் திரை ஓவியம் ஒன்றில் உள்ள ஹிதெயோஷியின் தென்ஷுவை முன்மாதிரியாக வைத்தே வடிவமைப்பு தொடங்கியது. கட்டப்பட்டதோ டொகுகாவாக்களின் கல்மேடை மீது. சுவர்களும் கலவைதான்: கீழ் நான்கு அடுக்குகள் டொகுகாவா பாணியில் வெள்ளைச் சாந்து பூசப்பட்டவை, உச்சி அடுக்கு மட்டும் ஹிதெயோஷி பாணியில் கறுப்பு நிறமும் பொன்னிறப் புலி, கொக்கு உருவங்களும் கொண்டது. வெளியிலிருந்து எண்ணினால் ஐந்து அடுக்கு, உள்ளே எட்டுத் தளம், மேடையோடு சேர்த்து உயரம் சுமார் 55 மீட்டர்.

கொன்றவர்களும் கொல்லப்பட்டவர்களும் ஒரே கட்டடத்தில் மேலும் கீழுமாக ஒட்டிக்கொண்டிருப்பது சிலருக்கு உறுத்தலாக இருக்கலாம். ஓவியத்தையும் ஆவணங்களையும் ஆராய்ந்து, அன்றைய அறிவுக்கு எட்டியவரை கவனமாகச் செய்த வேலை அது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். 1997-ல் அரசு இந்தக் கோபுரத்தையே பண்பாட்டுச் சொத்தாகப் பதிவுசெய்தது. பழைய கோட்டையின் நகல் என்பதற்காக அல்லாமல், 1931-ஆம் ஆண்டுக் கட்டடம் என்ற தகுதியில் அது பெற்ற மதிப்பு அது.

லிஃப்ட் பற்றி ஏன் சர்ச்சை எழுந்தது?

லிஃப்ட் 1931-லேயே இருந்தது. கோபுரம் தொடக்கத்திலிருந்தே அருங்காட்சியகமாகத் திட்டமிடப்பட்டது. 1995 முதல் 1997 வரை நடந்த பெரும் சீரமைப்பில் நிலநடுக்கத்தைத் தாங்கும் வலுவூட்டலோடு, வெளிப்புறத்திலும் ஒரு லிஃப்ட் சேர்க்கப்பட்டது. 2019-ல் ஒசாகாவில் நடந்த ஜி20 மாநாட்டு விருந்தில், அன்றைய பிரதமர் ஷின்ஸோ அபே, கோட்டையை 16-ஆம் நூற்றாண்டில் இருந்தபடியே மீட்டுக் கட்டியவர்கள் லிஃப்ட் வைத்தது மட்டும் பெருந்தவறு என்று நகைச்சுவையாகப் பேசியபோது, முதியவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் அது புண்படுத்துவதாகக் கண்டனம் எழுந்தது. முந்தைய விடையைப் படித்தவர்களுக்கு அந்தப் பேச்சில் இன்னொரு பிழையும் தெரியும்.

இரண்டாம் உலகப் போரில் கோபுரம் எப்படித் தப்பியது?

அருகிலிருந்த ஆயுதத் தொழிற்சாலையே அமெரிக்க விமானங்களின் குறி. ஜப்பான் சரணடைவதற்கு முந்தைய நாளான 1945 ஆகஸ்ட் 14 அன்று நடந்த கடும் குண்டுவீச்சில் தொழிற்சாலை அழிந்தது, சுற்றுவட்டாரத்தில் ஏராளமானோர் இறந்தார்கள். அந்த ஆண்டின் வான்தாக்குதல்களில், 1868 தீயிலிருந்து தப்பியிருந்த பழைய மரக் காவல்மாடங்கள் சில எரிந்தன. கான்கிரீட் கோபுரம் நின்றது. குண்டு அதிர்ச்சியில் கல்மேடையின் வடகிழக்கு மூலையில் கற்கள் சற்று விலகியிருப்பதை இன்றும் காணலாம்.

அப்படியானால் உண்மையிலேயே பழமையான கட்டடம் எதுவும் இல்லையா?

உண்டு, ஆனால் கூட்டம் அவற்றைக் கவனிப்பதில்லை. வடமேற்கு மூலையில் உள்ள இனுயி காவல்மாடமும் பெருவாயிலருகே உள்ள செங்கன் காவல்மாடமும் 1620-ல் கட்டப்பட்டவை. 1685-ல் கட்டிய வெடிமருந்துக் கிடங்கு தரை, சுவர், கூரை எல்லாமே கல்லாலானது. 1660-ல் மின்னல் விழுந்து முந்தைய கிடங்கு வெடித்துச் சிதறியதில் கற்ற பாடம் அது. கோபுரத்தின் வாசலருகே உள்ள கிணற்று மண்டபம் 1626-ஐச் சேர்ந்தது. பக்கத்திலேயே எரிந்த கோபுரத்தின் தீ இதைத் தொடவில்லை. தண்ணீர் தூய்மையாக இருக்க ஹிதெயோஷி அந்தக் கிணற்றில் பொற்கட்டிகளைப் போட்டார் என்று கதை சொல்வார்கள். 33 மீட்டர் ஆழமுள்ள அந்தக் கிணறு 1624-ல், அவர் இறந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு வெட்டப்பட்டது என்று 1959 ஆய்வு காட்டிவிட்டது.

புதைந்த கோட்டை எப்படி வெளிப்பட்டது? அதைப் பார்க்க முடியுமா?

1959 வரை, கண்ணெதிரே உள்ள மதில்கள் ஹிதெயோஷி கட்டியவை என்றே ஊர் நம்பியது. அந்த ஆண்டு நடந்த விரிவான ஆய்வில் உள்கோட்டைத் தரையைத் தோண்டியபோது, பல மீட்டர் ஆழத்தில் முற்றிலும் வேறு விதமான கற்சுவர் ஒன்று தட்டுப்பட்டது. அடுத்த ஆண்டு, டொகுகாவாக்களின் தலைமைத் தச்சர்களாக இருந்த நகாயி குடும்பத்திடமிருந்து ஹிதெயோஷி காலக் கோட்டையின் வரைபடம் கிடைத்தது. மண்ணில் கண்ட சுவர் அந்த வரைபடத்தோடு பொருந்தியதால், புதைந்திருப்பது யாருடைய கோட்டை என்ற ஐயம் நீங்கியது. 1980-களில் சுமார் 6 மீட்டர் உயரமுள்ள இன்னொரு பகுதியும் வெளிப்பட்டது.

கோபுரத்தின் பழைய தோற்றத்துக்கு வெளிநாட்டிலும் ஒரு சான்று இருக்கிறது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் உள்ள எக்கன்பெர்க் மாளிகையில், ஓர் அறைச் சுவரில் பதித்திருந்த எட்டு ஜப்பானிய ஓவியப் பலகைகள், உண்மையில் ஹிதெயோஷி கால ஒசாகாவைக் காட்டும் ஒரு மடிப்புத் திரையின் பகுதிகள் என்று இந்த நூற்றாண்டில்தான் கண்டறிந்தார்கள். அந்த அறையின் பெயர், கிழக்கே உள்ளது எல்லாமே இந்தியா என்று எண்ணிய காலத்தின் பழக்கப்படி, இந்திய அறை.

1980-களில் கண்ட சுவர் அப்போது பாதுகாப்பாக மீண்டும் மூடப்பட்டது. 2025 ஏப்ரல் முதல் அதைப் பொதுமக்கள் நிலத்துக்குக் கீழே இறங்கிப் பார்க்கலாம். மேலே டொகுகாவா மதிலில் கற்கள் ஒன்றோடொன்று பொருந்தும்படி நேராக வெட்டப்பட்டிருக்கும். இங்கேயோ மலையில் கிடந்தபடியே எடுத்துவந்த கரடுமுரடான கற்களும், வேறு கட்டடங்களிலிருந்து பிடுங்கிவந்த கற்களும், இடைவெளிகளில் செருகிய சில்லுகளும் தெரியும். இரண்டுக்கும் இடையே நாற்பது ஆண்டுகூட இல்லை. சில கற்களில் 1615-ஆம் ஆண்டுத் தீயின் சுவடு இன்னும் இருக்கிறது.